எடுத்துவிட்டு என்டர் தட்டவும்

எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரு வரி வரும். நிறுவிய ஊடகத்தை எடுத்துவிட்டு என்டர் தட்டவும் என்று ஆங்கிலத்தில் சொல்லும். கறுப்புத் திரையில் பொடி வெள்ளை எழுத்து. இருபது வருஷத்தில் அந்த வரியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பார்த்த மாத்திரத்தில் பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டீ வந்தால் குடித்துவிட்டு, வராவிட்டால் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன ஆனி மாதம் ஆவுடையார்கோவிலில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் கை போகவில்லை. பென்டிரைவின் வால் நுனியில் சின்ன நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் விட்டும் விடாத பிள்ளையின் நெற்றி மாதிரி ஒரு சூடு. "எடுத்துரவா சித்தப்பா?" என்றாள் அண்ணன் மகள். "இரும்மா" என்றேன். எதற்காக இருக்கச் சொன்னேன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரிகிறது. தெரிந்தது அப்படியொன்றும் பெருமைப்படும்படியாக இல்லை.

கல்லூரி விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு வாங்கிய மடிக்கணினி அது. கடைக்காரர்கள் டாஸ் மாடல் என்று சொல்கிற வகை. விண்டோஸ் இல்லாமல் வருவதால் சில ஆயிரம் குறையும். சித்தப்பா இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்கிற தைரியத்தில் அண்ணன் அதை வாங்கிவிட்டார். பெட்டியைப் பிரித்தபோது தெர்மாகோல் தூளும் புது பிளாஸ்டிக் வாசனையும் திண்ணை முழுக்கப் பரவின. பித்தானை அழுத்தியதும் திரை வெளிச்சமாகி, ஏதோ நாலு ஆங்கில வரி ஓடி, ஓரமாக ஒரு எழுத்தும் அதன் பக்கத்தில் துடிக்கிற கோடுமாக நின்றுவிட்டது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இம்புட்டுக் காசு குடுத்து வாங்கியிருக்கு, உள்ள ஒண்ணுமே இல்லையாமே?" என்றார். "ஓஎஸ் போடணும் அண்ணி" என்றேன். போடணும் என்ற சொல் வாயிலிருந்து வந்தபிறகுதான் காதில் விழுந்தது. கோலம் போடுவது, பாய் போடுவது, விதை போடுவது, வேஷம் போடுவது. நம் ஊரில் யாரும் இயங்குதளத்தை நிறுவுவதில்லை, போடுகிறார்கள். நிறுவுதல் என்றால் கல்வெட்டும் திறப்பு விழாவும் ஞாபகத்துக்கு வருகின்றன. பிரதிஷ்டை என்றால் மருந்து சாத்தி இறுக்கி, இனி அசையாதபடிக்கு. போடுதல் இலேசான காரியம், போட்டதை எடுக்கலாம். இலேசான சொல்லை வைத்துக்கொண்டு கனமான வேலையைச் செய்கிறோமோ என்கிற சந்தேகம் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை என்று அண்ணி சொன்னது சரியில்லை. அந்த நாலு வரிக்கும் ஒரு வரலாறு உண்டு. எம்எஸ்-டாஸின் காலம் முடிகிறது என்று தெரிந்த 1994-இல், அமெரிக்காவில் ஜிம் ஹால் என்கிற மாணவர் அதைப் போலவே ஒன்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி எழுத ஆரம்பித்தார். ஃப்ரீடாஸ் என்று பெயர். டாஸ் மாடல் என்று விற்கப்படுகிற பல கணினிகளில் கடைசிவரை யாரும் பயன்படுத்தாமல், முதல் நாளே அழிக்கப்படுவதற்கென்றே அது வந்து இறங்குகிறது. அதற்கும் அடியில், பலகையில் ஒட்டிய ஒரு சில்லில், வட்டு எங்கே, விசைப்பலகை எங்கே, எந்தத் துளையில் என்ன செருகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற நிரல் ஒன்று ஆலையிலேயே எழுதப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் பென்டிரைவைச் செருகியும் பிரயோஜனமில்லை. வருகிறவரை வாங்க என்று சொல்லவும் வீட்டில் ஆள் வேண்டுமே. ஆகவே முழுக்கக் காலியான கணினி என்று ஒன்று கிடையாது. கிடைத்தாலும் அதற்குள் எதையும் போட முடியாது.

இந்த ஊர்க்காரன் காலி என்ற சொல்லை எடுத்தால் பேச்சு எங்கே போய் முட்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் கோவிலில் ஆத்மநாதர் சந்நிதியில் லிங்கம் கிடையாது, அதைத் தாங்குகிற ஆவுடை மட்டும்தான். நந்தி இல்லை, கொடிமரமும் இல்லை. அம்பாள் சந்நிதியில் யோகாம்பாளின் பாதம் மட்டும். வெளியூர்க்காரர்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, அண்ணி சொன்ன அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரும்புவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வருகிறேன். வடித்த புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் ஆவி பறக்கக் கொட்டுவார்கள், அந்த ஆவிதான் நைவேத்தியம். கீரையும் பாகற்காயும் கலந்த அந்த வாசனை பிராகாரத்தில் வௌவால் வீச்சத்தோடு சேர்ந்து வரும். எனக்குக் கோவில் என்றால் இன்றும் அதுதான். ஆனால் லிங்கமில்லாத ஆவுடையையும் இயங்குதளமில்லாத கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். சுலபமாக இருப்பதாலேயே எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஆவுடையில் ஒன்றை வைக்க மறந்துபோய் விட்டுவிடவில்லை. அங்கே எதையும் போடத் தேவையில்லை என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து செய்தது நேர் எதிரான காரியம்.

பென்டிரைவைத் தயார் செய்வதை முதல் நாள் ராத்திரியே முடித்திருந்தேன். உபுண்டு, 2024 ஏப்ரலில் வந்த பதிப்பு, ஏறக்குறைய ஆறு ஜிபி. இறங்கி முடிக்க நடுச்சாமம் ஆகிவிட்டது. இறங்கியது சரியாக இறங்கியதா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. மொத்தக் கோப்பையும் அரைத்துப் பிழிந்து 64 எழுத்தாக ஆக்கும், அதை வெளியிட்டவர்கள் எழுதிவைத்திருக்கிற 64 எழுத்தோடு ஒப்பிட வேண்டும். ஆறு ஜிபியில் ஒரே ஒரு புள்ளி மாறியிருந்தாலும் 64 எழுத்தும் தலைகீழாகிவிடும். எங்கள் கோவில் கொடுங்கையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கூரையின் சட்டம், கம்பி, ஆணி, ஆணியின் கொண்டை வரைக்கும் மரவேலை மாதிரியே கல்லில் செதுக்கியிருப்பதைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரை, அது கல்தானா என்று நம்பிக்கை வராமல் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தாராம். ஓட்டையைக் கூடக் காட்டுவார்கள். சரிபார்ப்பதில் அது ஒரு வகை. அந்தக் காலத்து ஸ்தபதிகள் கோவில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள் என்றும் சொல்வதுண்டு. எல்லாம் செய்து தருகிறோம், இதை மட்டும் கேட்காதீர்கள் என்று முன்கூட்டியே கையை விரித்துவிடுகிற நேர்மை. மென்பொருள் உரிம ஒப்பந்தங்களிலும் நீங்கலாக என்பதுதான் முக்கால்வாசி. அதை யாரும் படிப்பதில்லை என்பதால் நேர்மை என்று சொல்ல வாய் வரவில்லை.

64 எழுத்தும் ஒத்துப்போயின. ஒத்துப்போனதால் என்ன தெரிந்தது? அவர்கள் அனுப்பியதுதான் எனக்கு வந்தது என்று தெரிந்தது. அவர்கள் அனுப்பியதற்குள் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருதை ஏற்றுப் பேசிய உரை 1984-இல் அச்சில் வந்தது. மூலநிரலை எழுத்தெண்ணிப் படித்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி, நிரலை மொழிபெயர்க்கிற கருவிக்குள்ளேயே ஒரு திருட்டுச் சாவியை ஒளித்துவைக்க முடியும் என்று அதில் காட்டினார். பயனரின் கடவுச்சொல்லைக் கேட்டு உள்ளே விடுகிற நிரலைத்தான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டார். எழுதியவருக்கு மட்டும் தெரிந்த இன்னொரு சொல்லுக்கும் அது கதவைத் திறக்கும். நீங்களே முழுக்க எழுதாத எந்த நிரலையும் கடைசி வரைக்கும் நம்ப வழியில்லை என்று முடித்தார். முதலில் படித்தபோது இது பெரிய நாடுகளுக்கும் உளவுத்துறைகளுக்கும் உள்ள கவலை என்று நினைத்தேன். ஒரு திண்ணைக்கு இது பொருந்தும் என்று தோன்றவில்லை.

வாசலில் இன்னொரு காவலும் இருந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து, தெரிந்த கையொப்பம் இருந்தால்தான் எந்த இயங்குதளத்தையும் கிளம்ப விடுவேன் என்று கணினியின் அடிநிரல் கேட்கத் தொடங்கியது. பெரும்பாலான கணினிகளில் ஆலையிலேயே பதித்துவருவது மைக்ரோசாஃப்டின் சாவி. உபுண்டு கிளம்ப வேண்டுமென்றால் அதன் முதல் துண்டு நிரலில் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் வாங்கியிருக்க வேண்டும். வாங்கியும் இருக்கிறார்கள். விண்டோஸ் வேண்டாமென்று காசைக் குறைத்துக்கொண்டு வாங்கிய கணினியில், விண்டோஸுக்கு மாற்றாக வருவதை உள்ளே விடவும் விண்டோஸ்காரரின் ஒப்பம். பழைய வீட்டுக்காரர் சாவியைத் திருப்பித் தராமல் வைத்திருப்பதைப் போலத் தோன்றும். இங்கே அவர் குடியிருந்ததே இல்லை. வேண்டாமென்றால் அந்தக் காவலை அணைத்துவிடலாம், வழி உண்டு. நான் அணைக்கவில்லை. இருக்கட்டும் என்று விட்டேன். அன்று நான் சொன்ன முதல் இருக்கட்டும் அது.

எஃப்12-ஐத் தட்டி பென்டிரைவிலிருந்து கிளப்பினால் உடனே நிறுவிவிடாது. முதலில் சும்மா ஓட்டிப் பார்க்கச் சொல்லும். முழுக் கணினியும் பென்டிரைவிலிருந்தும் நினைவகத்திலிருந்தும் ஓடும், உள்வட்டில் ஒரு எழுத்தும் விழாது. அவள் வலையில் தேடினாள், பாட்டுப் போட்டாள், சுவர்ப்படத்தை மாற்றினாள், ஒரு கடிதம் கூட அடித்துப் பார்த்தாள். அணைத்தால் எல்லாம் போய்விடும் என்றேன். "எல்லாமேவா?" என்றாள். நரி பரியான கதையைச் சொன்னேன். குதிரை வாங்கக் கொடுத்த பாண்டியன் பணத்தை, பின்னால் மாணிக்கவாசகரான வாதவூரர் இந்தக் கோவிலுக்குச் செலவழித்துவிட, சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரையாக்கி மதுரைக்கு ஓட்டிக்கொண்டு போன கதை. பகலெல்லாம் சாட்சாத் குதிரை. ராத்திரி லாயத்தில் ஊளை. அவள் சிரித்தாள். "அப்ப இது நல்லாத்தானே ஓடுது, இப்படியே வச்சுக்கிட்டா என்ன?" என்றாள். பென்டிரைவ் எப்போதும் செருகியே இருக்க வேண்டும், எடுத்தால் நின்றுவிடும் என்றேன். சொல்லும்போது அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை.

பிறகு மொழி கேட்டது. பட்டியலில் தமிழ் என்று தமிழிலேயே இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால், பெயர் தெரியாத பலர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரி வரியாக மொழிபெயர்த்த உழைப்பு இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் சொல்லித் தருவதற்கென்றே ஸ்ரீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் கணியம் என்ற இணைய இதழைத் தொடங்கியபோது எனக்கு இருந்த உற்சாகம் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்திய செப்டம்பரில்தான் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆரம்பமாகியிருந்தது. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கிளம்பும்போது எது வேண்டும் என்று கேட்கும். அந்த நாளில் பையன்கள் என்னிடம் வந்து, "அண்ணே, அந்த இன்னொண்ண மட்டும் எடுத்துவிட்டுருங்க" என்பார்கள். எடுத்துவிட்டிருக்கிறேன். இவள் பட்டியலில் தமிழைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் நின்றாள், ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தாள். "ஏதாச்சும் கோளாறுன்னா ஹாஸ்டல்ல யாருகிட்டயாவது காட்டணும்ல, தமிழ்ல இருந்தா அவுங்களுக்குத் தெரியாது சித்தப்பா." மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குள் சுருக்கென்றது தமிழுக்காகத்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். கோளாறு என்றால் யாரிடமாவது காட்டுவாள், அந்த யாராவது நான் இல்லை என்பதும் அந்த வாக்கியத்தில்தான் இருந்தது.

அடுத்து அந்தக் கேள்வி. வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவலாமா? புதுக் கணினி, அழிக்க என்ன இருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் எனக்கு விரல் நுனி வேர்க்கும். பதினெட்டு, இருபது வருஷத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் கணினியைச் சரிசெய்யக் கொடுத்தார். இந்தச் சுற்றுவட்டாரத்துக் கண்மாய்களின் பெயர்கள், மடைகளின் பெயர்கள், எந்த மடையில் எந்த வயலுக்குத் தண்ணீர் என்று வருஷக்கணக்காக விசாரித்துத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். எந்த வட்டு என்று சரியாகப் பார்க்காமல் நான்தான் அழித்தேன். அழித்தது தெரிந்து நான் வெளிறிப்போய் நின்றபோது, "போனாப் போகுது தம்பி, மனசுல இருக்குல்ல" என்றார். மறுபடி அவர் அதை அடிக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். போனாப் போகுது என்பதை எங்கே இறக்கிவைப்பது? அதற்கப்புறம்தான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது. எந்தக் கணினியில் கைவைத்தாலும், திரும்ப உள்ளே வர எனக்கென்று ஒரு வழி வைத்துவிட்டு வருவது. வரவேண்டியிருக்குமே, எதையாவது மீட்க வேண்டியிருக்குமே என்று. எவருடைய கணினியிலும் அந்த வழியை நான் பயன்படுத்தியதில்லை. அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு சமாதானம் இருக்கிறது, கொஞ்சம் உற்றுப்பார்த்தால் அது சமாதானமும் இல்லை.

கோடு மெல்ல மெல்ல நிறைந்தது. வெள்ளாற்றுப் பக்கமிருந்து வந்த அனல்காற்று முருங்கை இலைகளைத் திண்ணையில் உதிர்த்துக்கொண்டிருந்தது. மீமிசல் போகிற பஸ் ஒலிப்பானை அழுத்திப் பிடித்துக்கொண்டே திரும்பியது. அப்போதுதான் அந்த வரி வந்தது, நான் இரும்மா என்றேன். ஐந்து நிமிஷம் போல இருந்திருக்கும். அவளே பொறுக்கமாட்டாமல் பிடுங்கினாள், என்டர் தட்டினாள். திரை இருண்டது. அந்த இருட்டு எப்போதும் கொஞ்சம் நீளமானது. பிறகு எதுவும் செருகாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், கணினி தானாகவே எழுந்து அவள் பெயரைக் காட்டியது. அவள் கைதட்டினாள். நான் கணினியைப் பக்கம் இழுத்து, அமைப்புகளுக்குள் போய், என் பெயரில் இன்னொரு பயனர் கணக்கை உண்டாக்கினேன். நிர்வாகி அதிகாரத்தோடு. "இது எதுக்கு சித்தப்பா?" என்றாள். "இருக்கட்டும்மா, ஏதாச்சும்னா." அதற்கப்புறம் கிளம்பும்போதெல்லாம் திரையில் இரண்டு பெயர்கள் வரும். விடுதி அறையில், ராத்திரி, பத்தொன்பது வயசுப் பெண்ணின் கணினியில் அவள் பெயருக்குக் கீழே சித்தப்பாவின் பெயர். தாம்சனின் திருட்டுச் சாவியாவது கண்ணுக்குத் தெரியாதது. நான் வாசலிலேயே மாட்டி வைத்துவிட்டு வந்தேன்.

குருந்த மரத்தடியில் நடந்ததை இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குதிரை வாங்க வந்த அமைச்சர், மரத்தடியில் உட்கார்ந்திருந்த குருவிடம் உபதேசம் பெற்றார். வந்த காரியம் முடிந்ததும் குரு மறைந்துவிட்டார். அதற்குப் பிறகு மாணிக்கவாசகர் பாடிய பாட்டில் பெரும்பாதி, விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்கிற அழுகைதான். சின்ன வயசிலிருந்து அந்த அழுகை மட்டும்தான் எனக்குக் கேட்டிருக்கிறது. விடப்பட்டவர் பாடினார், அதனால் அவர் பக்கம் நமக்குத் தெரியும். விட்டுப் போனவர் பக்கம் என்ன இருந்தது? கூடவே இருந்தால் அந்தப் பாட்டு ஒன்றும் வந்திருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தாலும் எழுந்து போவது ஒரு காரியம்தானே. அதற்கும் ஒரு கை வேண்டும். இங்கே திருவிழாவில் சுவாமிக்குப் பதிலாக மாணிக்கவாசகரே உலா வருகிறார். கொடுத்தவர் உருவமே இல்லாமல் உள்ளே ஒதுங்கிக்கொள்ள, வாங்கிக்கொண்டவர் வீதியில் வருகிறார். எத்தனையோ வருஷம் அந்தச் சப்பரத்துக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். ஆவுடை ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு ஆயிரம் தத்துவ விளக்கம் கேட்டிருக்கிறேன். அங்கே தன் பெயரில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை என்று மட்டும் எனக்குத் தோன்றியதில்லை. குருவோடு என்னை ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதில் எனக்குக் கிடைக்கிற இடம் பென்டிரைவின் இடம்தான். அதுகூட எடுத்தபிறகு உள்ளே தன் பெயரை விட்டுவிட்டு வருவதில்லை.

கார்த்திகையில் அவள் ஒரு நாள் கூப்பிட்டாள். கணினி எப்படி இருக்கிறது என்று நானாகக் கேட்டேன். ஐந்து மாசத்தில் அது ஒரு தடவையும் என்னைத் தேடவில்லை. நல்லா இருக்கு என்றாள். தோழி ஒருத்தியின் பழைய கணினிக்கும் ஓஎஸ் போட்டுக் கொடுத்தாளாம், பென்டிரைவை அவளே தயார் செய்தாளாம். 64 எழுத்தையும் ஒப்பிட்டாயா என்று கேட்க வந்தேன், கேட்கவில்லை. போனை வைக்கப் போகிற நேரத்தில், "அப்பறம் சித்தப்பா, உங்க பேருல ஒரு அக்கவுண்ட் கிடந்துச்சுல்ல, எடுத்துட்டேன். ஃபைல் எல்லாம் அழிக்கவா வச்சிருக்கவான்னு கேட்டுச்சு. அதுல ஒண்ணும் இல்லல்ல?" என்றாள். வாத்தியார் முகம் வந்து போனது. ஒண்ணும் இல்லம்மா என்றேன்.